தலைக்குள்ளே ஒரு மில் சங்கு!

விலங்கியல் படிக்கிறவங்களுக்குன்னு ஒரு தனி சாபம் உண்டு ஃப்ரெண்ட்ஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் பார்ட்டி ஒருத்தன் தன் படிப்பைப் பத்தி ரெண்டு வார்த்தை சொன்னாலே சொந்தக்காரங்க எல்லாம் வாயைப் பிளந்து கேட்பாங்க. நாம 'எலியோட மூளைக்குள்ள ஒரு சுரப்பி இருக்குங்க...'ன்னு ஆரம்பிச்சா, பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் எழுந்து படிக்கட்டுக்கே போயிடுவார்!

எம்.எஸ்ஸி. முதல் வருஷத்தில் எனக்கு வந்த செமினார் தலைப்பு அப்படி: 'கொறிக்கும் விலங்குகளின் பினியல் சுரப்பி - ஒப்பு உடற்கூறியல்'. பசங்க ஓட்டித் தள்ளிட்டாங்க. ''மச்சி, பிள்ளையாரோட வண்டிக்கு பிரெயின் ஸ்கேன் எடுக்கப் போறியா?''ன்னு ஒருத்தன். ''எலிக்கு மூளையே பட்டாணி சைஸ்தான், அதுக்குள்ள சுரப்பி வேறயா?''ன்னு இன்னொருத்தன். நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். ஆனா, அந்தத் தலைப்புக்குள்ள எங்க அக்காவோட தூக்கம் ஒளிஞ்சிருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்க ஊர் கொமரலிங்கம். உடுமலைக்கும் பழனிக்கும் இடையில், அமராவதி ஆத்துப் பாசனத்தில் நெல்லும் தென்னையுமா இருக்கிற ஊர். 2009-ல் திருப்பூர் மாவட்டம் பிறந்தபோது கோவையிலிருந்து அந்தப் பக்கம் போனோம். 'திருப்பூர் மாவட்டம்'னு சொன்னா எல்லாரும் பனியன் கம்பெனியைத்தான் நினைப்பாங்க. எங்க பக்கம் பனியனுக்கு முந்தின ஸ்டேஜ். அதாவது, நூல். உடுமலை சுத்துவட்டார ஸ்பின்னிங் மில்கள் ராத்திரி பகல் பார்க்காம ஓடும். சாயங்காலமானா மில் வேன் ஊர் ஊரா வந்து ஆட்களை ஏத்திக்கிட்டுப் போகும். அதில் எங்க அக்காவும் ஒருத்தி. ரிங் ஃப்ரேமில் அறுந்துபோற நூலை ஓடி ஓடி ஒட்டுற வேலை. ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் அரை நைட், அதுக்கடுத்த வாரம் ஃபுல் நைட். என் காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் மெஸ் பில் எல்லாம் அந்த நூலில்தான் தொங்குது.

ஃபுல் நைட் முடிச்சு காலையில் வீட்டுக்கு வர்ற அக்கா, பத்து மணிக்குப் படுத்தா பன்னிரண்டரைக்கு முழிச்சுக்குவா. அப்புறம் புரண்டு புரண்டு படுப்பா. ராத்திரி மில்லில் மூணு மணிக்கு மேல கண் சொருகும். இதுக்கு நடுவுல, வீட்டுக்கு வர்ற உறவுக்காரங்க ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டு, ''பகல்ல என்னங் இப்படித் தூக்கம், வயசுப் புள்ளைக்கு?''ன்னு கேட்டுட்டுப் போவாங்க. பெண் பார்க்கிற பேச்சு நடக்கிற வீட்டில் இந்தக் கேள்விக்கு என்ன வெயிட்டுன்னு உங்களுக்கே தெரியும்.

சரி, இப்போ எலிக்கு வருவோம்.

எங்க செட்டுக்கு எலியை அறுக்கிற வேலை கிடையாது. 2014-லேயே விலங்கியல் வகுப்புகளில் அறுத்துப் பார்க்கிறதை நிறுத்தச் சொல்லி யு.ஜி.சி. அறிவிச்சாச்சு. அதனால சார்ட், மாடல், வீடியோ, புத்தகம் இதுங்கதான் என் ஆய்வுக்கூடம்.

பினியல்ங்கிறது பைன் மரத்துக் காய் மாதிரி இருக்கிறதால வந்த பேர். நமக்கு அது ஒரு நெல்மணி நீளம் இருக்கும். எடை சுமார் 100-லிருந்து 150 மில்லிகிராம். மூளையின் ரெண்டு பாதிக்கும் அடியில், கிட்டத்தட்ட மண்டையின் நடு மையத்தில் புதைஞ்சு கிடக்கு. மூளையில் எல்லாமே ஜோடி ஜோடியா இருக்க, இது மட்டும் ஒத்தையா இருக்கேன்னு யோசிச்ச ஃபிரெஞ்சு தத்துவ ஞானி தெகார்த், 17-ம் நூற்றாண்டில் 'ஆன்மா உட்கார்ந்திருக்கிற நாற்காலி இதுதான்'னு சொல்லிட்டார்.

எலிக்கு? அங்கேதான் முதல் ஆச்சரியம். அதன் பினியல் ஆழத்தில் இல்லை. மண்டை ஓட்டுக்கு நேர் கீழே, பெருமூளையும் சிறுமூளையும் சந்திக்கிற இடத்தில், மேலேயே இருக்கு! எடை ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். மண்டை ஓட்டை ஒட்டியே இருக்கிறதால, ஓட்டைத் தூக்கும்போது சுரப்பியும் அதோடவே வந்துடுமாம். ஆனா, அது பிறந்த இடம் ஆழத்தில்தான். எலி பிறந்த பிறகு மூளை வளர வளர, சுரப்பியின் பெரும்பகுதி மேலே போய்விட, ஒரு சின்னத் துண்டு மட்டும் பழைய இடத்திலேயே தங்கிடுது. ரெண்டையும் நூல் மாதிரி ஒரு காம்பு இணைக்குது. பட்டம் மேலே, நூல்கண்டு கீழே! ஹாம்ஸ்டரிலும் இப்படி மேலே ஒண்ணு, ஆழத்தில் ஒண்ணுதான். கினிப்பன்றிக்கு வேற டிசைன். ஆழத்தில் ஆரம்பிச்சு மேல்மட்டம் வரைக்கும் ஒரே நீளக் குச்சியா நிக்குது.

1979-ல் ஜெர்மன் உடற்கூறியல் அறிஞர் ஃபோல்ராத், இந்த வித்தியாசங்களை எல்லாம் 'ஏ', 'பி', 'சி'ன்னு எழுத்துகளால் வகைப்படுத்தினார். ஆழத்தில் மட்டும் இருந்தா 'ஏ'. நாம அந்த வகை. மேலே போகப் போக எழுத்து மாறும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. வயசு ஏற ஏற நம்ம பினியலில் மணல் மாதிரி சுண்ணாம்புத் துகள் சேரும். எக்ஸ்ரேயில்கூட தெரியும். எலிக்கு அப்படிச் சேர்றது அபூர்வம். அதன் உறவுக்காரனான மங்கோலிய ஜெர்பிலுக்கோ தாராளமா சேரும்.

நம்ம ஏரியாவையே எடுத்துக்குங்க. வேலியில் தலையாட்டுற ஓணானுக்கு உச்சந்தலையில் நிஜமாவே ஒரு மூணாவது கண் இருக்கு. செதிலுக்கு அடியில், வெளிச்சத்தை உணர்கிற குட்டிக் கண். அது பினியலோட கூடப்பிறந்தது. அமராவதி அணை முதலைப் பண்ணையில் வாயைத் திறந்து படுத்திருக்கே முதலை, அதுக்கு பினியலே கிடையாது! வேலிக்கும் அணைக்கும் நடுவுல எத்தனை வெரைட்டி பாருங்க.

இவ்வளவு இடம் மாறி, வடிவம் மாறி இருக்கிற இந்தச் சுரப்பி, பாலூட்டிகளில் செய்கிற வேலை மட்டும் ஒண்ணேதான். இருட்டினா மெலட்டோனின்னு ஒரு ஹார்மோனைச் சுரக்கணும். விடிஞ்சா நிறுத்தணும். அவ்வளவுதான். 1958-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர்ங்கிற தோல் மருத்துவர், ஆயிரக்கணக்கான மாட்டுப் பினியல்களைச் சேகரிச்சு இதைப் பிரிச்செடுத்தார். அவர் தேடினது தோல் நிறம் சம்பந்தமா. கிடைச்சது ராத்திரியின் ரகசியம்!

மண்டைக்குள்ளே இருக்கிற சுரப்பிக்கு இருட்டினது எப்படித் தெரியும்? கண்தான் சொல்லணும். 2002-ல் எலியின் விழித்திரையில் ஒரு புது வகை செல்லைக் கண்டுபிடிச்சாங்க. பார்க்கிறதுக்கு இல்லாம, 'வெளிச்சம் இருக்கா, இல்லையா'ன்னு கணக்கெடுக்கிறதுக்குன்னே இருக்கிற செல். நீல வெளிச்சம்னா அதுக்கு ரொம்ப உஷார். அந்தச் செய்தி கண்ணுக்குப் பின்னாடி, மூளையின் அடியில் இருக்கிற ஒரு சின்ன நரம்புக் கொத்துக்குப் போகும். அதுதான் உடம்பின் மெயின் கடிகாரம். 1972-ல் ரெண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியா அந்தக் கொத்தை எலியில் அழிச்சுப் பார்த்தாங்க. அவ்வளவுதான், எலிக்கு ராத்திரி பகல் ஒழுங்கே போயிடுச்சு.

கடிகாரத்திலிருந்து பினியலுக்கு நேரா லைன் போகுதான்னா, அதான் இல்லை! மூளையிலிருந்து தண்டுவடம் வழியா மார்பு வரைக்கும் இறங்கி, அங்கிருந்து கழுத்தில் இருக்கிற ஒரு நரம்பு முடிச்சுக்கு ஏறி, மறுபடி மண்டைக்குள்ளே போய் பினியலைத் தொடுது. கொமரலிங்கத்திலிருந்து பக்கத்து மடத்துக்குளத்துக்குப் போக, உடுமலை போய் பல்லடம் தொட்டுத் திரும்பி வர்ற கதை! எலிக்கும் இதே ரூட். நமக்கும் இதே ரூட்.

இங்கேதான் எனக்கு எங்க பக்கத்து மில் சங்கு ஞாபகம் வந்தது. ஷிஃப்ட் மாறுறப்போ ஊதுமே, அதே சங்கு. கடிகாரம் டைம் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும். சங்கு அதைப் பார்த்து ஊதும். பினியல் கடிகாரம் இல்லைங்க, சங்கு! 'ராத்திரி ஆச்சு'ன்னு உடம்பு முழுக்கக் கேட்கிற மாதிரி ஊதுற சங்கு.

அப்படின்னா மெலட்டோனின்னா தூக்க மருந்தா? இல்லை. இதைத்தான் எலியும் அணிலும் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. ரெண்டும் கொறிக்கிற இனம்தான். எலி ராத்திரி டியூட்டி. அணில் பகல் டியூட்டி. மெலட்டோனின் எலிக்குப் பகலில்தானே ஏறணும்? ஊஹூம். ரெண்டுக்குமே ராத்திரியில்தான் ஏறுது! சங்கு ஒண்ணுதான். அதைக் கேட்டு எலி வேலைக்குக் கிளம்புது. அணில் கூட்டுக்குத் திரும்புது. கேட்டிலும் அதே கதைதானே? ஒரே சங்குக்கு ஒரு கூட்டம் உள்ளே போகும், ஒரு கூட்டம் வெளியே வரும்.

சங்கு ராத்திரியை மட்டும் சொல்றதில்லை, பருவத்தையும் சொல்லும். குளிர்காலத்தில் இரவு நீளம், அதனால சங்கும் நீளமா ஊதும். 1965-ல் ஹாஃப்மேன், ரைட்டர்னு ரெண்டு பேர், ஹாம்ஸ்டரை நீண்ட இருட்டில் வெச்சப்போ அதன் விரைகள் சுருங்கிப்போறதையும், பினியலை எடுத்துட்டா அப்படி ஆகாததையும் காட்டினாங்க. 'இது குட்டி போடுற சீசன் இல்லை'ன்னு சொன்னதே இந்தச் சுரப்பிதான்! நம்ம நாட்டிலும் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சந்தனா ஹல்தார் பல வருஷமா வட இந்திய அணிலை வெச்சு இந்த ஆராய்ச்சியைச் செய்திருக்கார். நம்ம ஊர் அணிலுக்கு முதுகில் மூணு கோடு, அந்த அணிலுக்கு அஞ்சு. இனப்பெருக்கமும் நோய் எதிர்ப்புச் சக்தியும் பருவத்துக்குப் பருவம் மெலட்டோனினோட சேர்ந்து எப்படி மாறுதுன்னு அந்த அஞ்சு கோட்டு அணில் சொன்னது.

நமக்கு இன்னும் பக்கத்தில், மதுரை! காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன் 1970-களிலிருந்து உயிர்க் கடிகார ஆராய்ச்சிக்கு ஒரு பட்டறையே நடத்தினார். குகை வௌவால்கள், நம்ம வரப்பில் ஓடுற குட்டி வயல் எலி எல்லாம் அங்கே ஹீரோக்கள். கடிகாரமே இல்லாத, வெளியுலகமே தெரியாத அறையில் மனுஷங்களையும் தங்கவைத்துப் பார்த்தாங்க. 2009-ல் அவர் மறைந்தார். 2017-ல் இந்தத் துறைக்கு நோபல் பரிசு கிடைச்சப்போ உலகமே 'உயிர்க் கடிகாரம்'னு பேசினது. நம்ம மதுரையில் அதைப் பேசி நாற்பது வருஷம் ஆகியிருந்தது!

ஒரு ட்விஸ்ட். உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் அதிகம் பயன்படுத்துற சுண்டெலி வகைகளில் ஒண்ணு 'சி57 பிளாக் 6'. 1986-ல் பார்த்தா, அது போன்ற பல வகைகளின் பினியலில் மெலட்டோனினே காணோம்! ஆனா, அந்தச் சுண்டெலிகளும் ராத்திரியானா ஜோரா ஓடுது. சங்கு ரிப்பேர் ஆனாலும் டைம் ஆபீஸ் கடிகாரம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதனால, 'மெலட்டோனின் மாத்திரை போட்டா எல்லாம் சரியாயிடும்'னு நெட்டில் பார்த்துட்டு வாங்கப் போற பார்ட்டிகளே... கொஞ்சம் நில்லுங்க. டாக்டரைக் கேட்காம சங்கை நாமளே ஊதக் கூடாது.

இப்போ அக்காவுக்கு வர்றேன்.

ராத்திரியில் வெளிச்சம் பட்டா என்ன ஆகும்? 1970-களின் தொடக்கத்தில் டேவிட் க்ளைன் குழு எலியில் பார்த்தது இது. மெலட்டோனினைத் தயாரிக்கிற முக்கிய என்சைம் ராத்திரியில் பல மடங்கு ஏறி நிக்குது. நடு ராத்திரியில் லைட்டைப் போட்டதும் சில நிமிஷத்திலேயே பாதியாக விழுது! 'மனுஷனுக்கு அப்படி ஆகாது'ன்னு முதலில் நினைச்சாங்க. 1980-ல் ஆல்ஃப்ரெட் லூயி குழு, பலமான வெளிச்சம் மனுஷ மெலட்டோனினையும் அமுக்கும்னு காட்டியது. சாதாரண அறை வெளிச்சமே ஓரளவுக்கு அமுக்கும்னு பின்னாடி வந்த ஆய்வுகள் சொல்லுது.

மில்லில் ராத்திரி முழுக்க டியூப்லைட். அக்காவோட சங்கு ஊத ஆரம்பிக்கும்போதே பாதி அமுங்கிடுது. ஆனா, கடிகாரம் மட்டும் பழைய நேரத்திலேயே ஓடுது. விடியற்காலை மூணு, நாலு மணிக்கு உடம்புச் சூடு அடிமட்டத்துக்கு இறங்கி, 'படு படு'ங்குது. காலையில் வேன் ஜன்னல் வழியா சுள்ளுனு வெயில் கண்ணில் அடிச்சதும், 'பகலாயிடுச்சு, எழுந்திரு'ங்குது. அப்போதான் அவ படுக்கப் போறா! பத்து மணிக்குப் படுத்தவ பன்னிரண்டரைக்கு முழிச்சுக்கிறது சோம்பேறித்தனமும் இல்லை, கவலையும் இல்லை. அவளுக்கு அணிலோட வயரிங். பார்க்கிறது எலியோட வேலை.

அது மட்டுமில்லை. கடிகாரத்தைப் புது நேரத்துக்குத் திருப்பலாம். ஆனா, ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். வெளிநாடு போய் வந்தவங்களைக் கேளுங்க. எட்டு மணி நேரம் நகரணும்னா ஒரு வாரத்துக்கு மேல ஆகும். அக்காவுக்கு ஷிஃப்ட் மாறுறதோ வாரா வாரம். கடிகாரம் ஒரு வழியா பழகி வர்றப்போ, அடுத்த ஷிஃப்ட் ரெடி!

2007-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, தூக்க நேரத்தைக் கலைக்கிற இரவு ஷிஃப்ட் வேலையை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது'ங்கிற பட்டியலில் வெச்சது. 2019-ல் திரும்பப் பரிசீலிச்சும் அதே இடத்தில்தான் வெச்சிருக்காங்க. இரவு வேலை பார்க்கிற எல்லாருக்கும் வந்துடும்னு இதுக்கு அர்த்தம் இல்லை. 'இது சாதாரண சமாச்சாரம் இல்லை, கவனிங்க'ன்னு அர்த்தம்.

செமினாருக்கு ஒத்திகை பார்க்க வீட்டில் ஆள் வேணுமே! ஒரு ஞாயித்துக்கிழமை அம்மாவையும் அக்காவையும் உட்காரவெச்சு சார்ட்டைக் காட்டினேன். சங்குக் கதையைக் கேட்டதும் அம்மா, ''வௌக்கு வெக்கற நேரத்துல சங்கு கிங்குன்னு பேசாதடா''ன்னு அதட்டினாங்க. அக்கா மட்டும் சார்ட்டையே பார்த்துக்கிட்டிருந்தா.

''ஏண்டா தம்பி, அப்ப எனக்குத் தூக்கம் வராதது என் தப்பில்லையா?''

''உன் தப்பே இல்லக்கா. உன் மண்டைக்குள்ள இன்னும் பகல்.''

''அதை உறவுக்காரங்ககிட்ட யாரு சொல்றது?''

அம்மா சொன்னாங்க. ''நான் சொல்றேன் சாமி.''

அதுக்கப்புறம் எங்க வீட்டில் சில மாற்றம். ஃபுல் நைட் வாரத்தில் அக்கா ரூம் ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் துப்பட்டி. மாவாட்டுறது சாயங்காலத்துக்குப் போயாச்சு. டி.வி. மதியம் மூணு மணி வரைக்கும் ஊமை. வேனில் வரும்போது அக்கா தலையைத் துணியால் முக்காடு போட்டு, வெயில் கண்ணில் அடிக்காம வர்றா. யாராவது வந்து ஜன்னலை எட்டிப் பார்த்தா அம்மா, ''புள்ளைக்கு இது ராத்திரிங்''னு சொல்லி வாசலோட அனுப்பிடறாங்க. ரெண்டரை மணி நேரத் தூக்கம் இப்போ நாலரை, அஞ்சு ஆகியிருக்கு. முழுசும் சரியாகலை. விடியற்காலை மூணு மணி இன்னும் மூணு மணிதான். ஷிஃப்டை வாரத்துக்கு ஒரு தடவை மாத்தாம இன்னும் கொஞ்சம் நிதானமா மாத்தக்கூடாதான்னு அக்காவும் கூட வேலை பார்க்கிறவங்களும் சேர்ந்து கேட்டிருக்காங்க. பதில் இன்னும் வரலை.

செமினார் என்னாச்சுன்னு கேட்கறீங்களா? பாஸ்! 'பிள்ளையார் வண்டி'ன்னு ஓட்டினவன் கேள்வி நேரத்தில் எழுந்து, ''எங்கப்பா சாயப்பட்டறையில நைட் வாட்ச்மேன். அவருக்கு என்ன பண்றது?''ன்னு கேட்டான். பாதி கிளாஸுக்கு அதே கேள்விதான் இருந்தது. ஒருத்தனுக்கு அம்மா நர்ஸ். ஒருத்திக்கு அண்ணன் நிட்டிங் மெஷின் ஓட்டுறார்.

நமக்கு ராத்திரி முழிக்கிறதுன்னா எக்ஸாம், கிரிக்கெட், போனில் ரீல்ஸ். விடிய விடிய முழிச்சதைப் பெருமையா ஸ்டேட்டஸ் போடுவோம். நாளைக்கு நினைச்சா நிறுத்திக்கலாம். நமக்கு அந்தச் சுதந்திரம் இருக்கு. நம்ம ஃபீஸைக் கட்டுறவங்களுக்கு அது இல்லை.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். உங்க வீட்டில் ராத்திரி வேலைக்குப் போறவங்க யாராவது இருந்தா, இந்த வாரம் ஒரு நாள் அவங்க தூங்குற ரூமைப் போய்ப் பாருங்க. எந்தப் பக்கம் வெளிச்சம் வருது, எங்கிருந்து சத்தம் வருதுன்னு கவனிங்க. ஒரு பழைய போர்வையும் நாலு ஆணியும் போதும். மதியம் பன்னிரண்டு மணிக்கு அவங்களுக்கு ஒரு ராத்திரி கட்டிக் கொடுத்துடலாம்.